சீட்டில்லாமல் கிடைப்பதால் தீங்கில்லாததா? வலி மாத்திரை பற்றி ஒரு மறுப்பு

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தே அமைந்த அடி அண்ணாமலையில் தொடங்கித் தமிழ்நாட்டின் எந்த ஊருக்குச் சென்றாலும், வலி மாத்திரை பற்றி ஒரே கருத்துத்தான் நிலவுகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கேட்டவுடன் கிடைக்கும் மாத்திரை உடம்பைக் கெடுக்காது, கெடுப்பதாக இருந்தால் அரசாங்கம் அதை அப்படி விற்க விட்டிருக்காது என்பதே அது. இதற்குத் துணையாக மூன்று வாதங்கள் வழக்கமாக வருகின்றன: பல ஆண்டுகளாகப் போட்டும் தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது முதலாவது, வயிற்றில் ஏதேனும் போட்டுக்கொண்டு, கூடவே ஒரு கேஸ் மாத்திரையையும் விழுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இரண்டாவது, முந்தைய இரவு குடித்த மது காலைக்குள் இறங்கிவிடுவதால் காலையில் போடும் தலைவலி மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. அவற்றில் மூன்றாவது, பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும், மிகவும் ஆபத்தான தவறு.

அரசாங்கத்தை முன்னிறுத்தும் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்திலும் அதன் கீழ் 1945இல் வகுக்கப்பட்ட விதிகளிலும், சீட்டின்றி விற்கத் தக்கவை என்று மருந்துகளை ஆராய்ந்து தேர்ந்து வைத்த தனி வகை எதுவும் இல்லை. சீட்டு கட்டாயம் என்று எச், எச்1, எக்ஸ் ஆகிய அட்டவணைகளில் சேர்க்கப்படாத மருந்து தானாகவே சீட்டின்றி விற்கப்படுகிறது, அவ்வளவே. பாராசிட்டமால், ஆஸ்பிரின் போன்ற சில வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாத கடையிலும் விற்கலாம் என்று கே அட்டவணை ஒரு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் அது 1,000 பேருக்கு மிகாத, உரிமம் பெற்ற மருந்துக் கடை இல்லாத சிற்றூர்களுக்கும், பிரிக்கப்படாத பொட்டலத்துக்கும் மட்டுமே பொருந்தும். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடந்து கடக்கும் சாலையின் பெட்டிக்கடைகளை மனத்தில் வைத்து அது எழுதப்படவில்லை. டைக்ளோஃபெனாக்கோ எச் அட்டவணையிலேயே உள்ளது, அதாவது சட்டப்படி அது சீட்டு மருந்து; கேட்டவுடன் கிடைப்பது சட்டம் மீறப்படுவதால்தானே ஒழிய, சட்டம் அதற்கு நற்சான்று அளித்ததால் அன்று. விற்பனையில் இருப்பதே பாதுகாப்புக்குச் சான்று என்பவர்கள் மற்றொன்றையும் மறந்துவிடுகிறார்கள்: 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளையும், 2024 ஆகஸ்டில் மேலும் 156 கூட்டு மருந்துகளையும் மத்திய அரசு தடை செய்தது, பின்னைய பட்டியலில் அசிக்ளோஃபெனாக் 50 மில்லிகிராமும் பாராசிட்டமால் 125 மில்லிகிராமும் சேர்ந்த வலி மாத்திரையும் இருந்தது. தடை வந்த நாளின் முந்தைய நாள் வரை அவையனைத்தும் தாராளமாக விற்கப்பட்டவையே.

சட்டம் ஒருபுறம் இருக்க, கடையில் நடப்பது வேறு. சீட்டின்றி விற்கும் முறை எந்த நாட்டிலும் ஒரு நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது: வாங்குபவர் அட்டையில் உள்ள எச்சரிக்கையைப் படித்து, தம் உடம்புக்கு அது பொருந்துமா என்று தாமே முடிவு செய்துகொள்வார் என்பதே அந்த நிபந்தனை. இங்கோ "உடம்பு வலிக்குது, ஒரு செட்டு குடுங்க" என்று கேட்பவருக்கு, நான்கைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, ஒரு சிறு காகித உறையில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று வாய்மொழியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த உறையைப் பிரித்துப் பார்த்தால், கத்தரிக்கோல் போன தடத்தில் மருந்தின் பெயர் பாதியோடு நிற்கும். காலாவதி நாளும் தொகுதி எண்ணும் பொறித்த ஓரம் கடையிலேயே தங்கியிருக்கும். அளவுக்கு மிஞ்சினால் ஈரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம் என்று பாராசிட்டமால் அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், அச்சிட்ட வரி யாரிடமும் முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்காது. உறைக்குள் வழக்கமாக இருப்பவை ஒரு பாராசிட்டமால், ஒரு டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக், ஒரு சளி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. சில கடைகளில் வலி உடனே நின்றதாகத் தோன்றுவதற்காக ஒரு ஸ்டீராய்டும் சேரும். வலி மாத்திரையோடு ஸ்டீராய்டு சேர்வது இரைப்பையில் இரத்தக் கசிவுக்கான வாய்ப்பைப் பல மடங்கு கூட்டும் என்பது மருத்துவம் படித்தவர் அனைவரும் அறிந்ததே. வாங்குபவர் குடிப்பவரா, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவரா என்ற கேள்வி இந்தப் பரிமாற்றத்தில் எங்குமே எழுவதில்லை.

இனி மதுவுக்கும் பாராசிட்டமாலுக்கும் உள்ள உறவு. விழுங்கிய பாராசிட்டமாலில் மிகப் பெரும் பகுதியை ஈரல் தீங்கற்ற பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகிறது. சுமார் 5 முதல் 10 விழுக்காடு மட்டும் வேறொரு வழியில், ஈரலின் ஒரு குறிப்பிட்ட நொதியால், நாப்கி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நச்சுப் பொருளாக மாறுகிறது. நொதி என்பது உடலில் வேதி மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம். அந்த நச்சைக் குளுட்டாதயோன் என்னும் இயற்கைக் காப்புப் பொருள் உடனுக்குடன் செயலிழக்கச் செய்துவிடுவதால்தான், அளவோடு போட்ட மாத்திரை தீங்கு செய்வதில்லை. நாள்தோறும் குடிப்பவரின் ஈரலில் இந்தக் கணக்கு இரு முனைகளிலும் மாறிவிடுகிறது: மதுவைச் சிதைப்பதற்கும் அதே நொதி பயன்படுவதால் அதன் அளவு பெருகி நச்சின் உற்பத்தி கூடுகிறது, சோறு குறைந்து மது மிகுந்த உடம்பில் குளுட்டாதயோனின் இருப்பும் குறைந்துபோகிறது.

மூன்றாவது வாதம் தலைகீழாவது இந்த இடத்தில்தான். மது இரத்தத்தில் இருக்கும் வரை, பெருகிய நொதி பெரும்பாலும் மதுவைச் சிதைப்பதிலேயே முனைந்திருப்பதால் பாராசிட்டமாலின் பக்கம் அவ்வளவாகத் திரும்புவதில்லை. மது இறங்கிய பிறகு, பெருகிய நொதி வேறு வேலையின்றி எஞ்சி, சில நாட்கள் வரை அப்படியே இருக்கும். ஆகவே வாடிக்கையாகக் குடிப்பவருக்கு ஆபத்தான வேளை குடித்துக்கொண்டிருக்கும் இரவைவிட, குடி இறங்கித் தலை கனக்கும் மறுநாளும் அதற்கடுத்த நாட்களுமே. "எல்லாம் இறங்கிவிட்டது" என்று நிம்மதியாக இரண்டிரண்டாக மாத்திரை போடப்படும் வேளையும் அதுவே.

"அவர் அப்படியொன்றும் பெருங்குடியர் இல்லை, மாலையில் ஒரு குவாட்டர்தான்" என்ற சமாதானம் இதற்கு விடையாக வருவது வழக்கம். டாஸ்மாக் கடையில் விற்கும் குவாட்டர் 180 மில்லிலிட்டர். அதில் எரிசாராயத்தின் பங்கு பொதுவாக 42.8 விழுக்காடு. பெருக்கிப் பார்த்தால் 77 மில்லிலிட்டர், எடையில் ஏறத்தாழ 61 கிராம் தூய ஆல்கஹால் வருகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இல், நாள்தோறும் மூன்று கோப்பையோ அதற்கு மேலோ குடிப்பவர் மருத்துவரைக் கேட்காமல் இம்மாத்திரைகளைப் போடலாகாது என்று சீட்டில்லா வலி மாத்திரைகள் அனைத்தின் மீதும் அச்சிட ஆணையிட்டது. அங்கே ஒரு கோப்பை என்பது 14 கிராம் ஆல்கஹால். அந்த அளவில் ஒரு குவாட்டர் நான்கு கோப்பைக்கு மேல். கொஞ்சமாகக் குடிப்பவர் என்று ஊர் கருதும் மனிதர், அந்த எச்சரிக்கை வரையப்பட்ட கோட்டை ஒவ்வொரு மாலையும் தாண்டிவிடுகிறார்.

இவ்வளவு சொன்னதும், குடிப்பவர் பாராசிட்டமாலைத் தொடவே கூடாது என்ற எதிர்முனைக்கு ஓடுவோரும் உண்டு. அவர்களும் மறுக்கப்பட வேண்டியவர்களே. குடிநோய் சிகிச்சைக்குச் சேர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் வீதம் இரண்டு நாள் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்து 2001இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வில், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அவர்களின் ஈரல் கூடுதலாகக் கெட்டதாகத் தெரியவில்லை. எனவே உரிய அளவில், ஓரிரு நாள் மட்டும், வயிற்றில் உணவோடு போடும் பாராசிட்டமால், குடிப்பவருக்கும் மற்ற வலி மாத்திரைகளைவிட ஏற்றதாகவே இருக்கக்கூடும்; நாள்தோறும் குடிப்பவருக்கு நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம் என்று மருத்துவர்கள் கூறுவது, அவருடைய உடம்பில் பிழைக்கு இடம் குறைவு என்பதால்தான். பிழையோ வெகு எளிதாக நேர்கிறது. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை மூன்று வேளை, முதுகு வலிக்கு அசிக்ளோஃபெனாக்கோடு 325 மில்லிகிராம் பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை, மூக்கடைப்புக்கு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரை மூன்று வேளை என்று போடுபவர், தாம் மூன்று வெவ்வேறு நோய்களுக்கு மூன்று வெவ்வேறு மருந்து சாப்பிடுவதாகவே எண்ணுகிறார். கூட்டினால் 4,100 மில்லிகிராம் பாராசிட்டமால். நல்ல ஈரல் உள்ள வளர்ந்தவருக்கே நாளின் உச்ச வரம்பு 4,000. பெயரைக் கத்தரித்துக் கொடுத்த பிறகு இந்தக் கூட்டலை யாராலும் போட முடியாது.

பாராசிட்டமாலுக்கு அஞ்சி அதை விட்டவர்கள் பெரும்பாலும் போய்ச் சேருமிடம் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் போன்ற அழற்சி தணிக்கும் வலி மாத்திரைகள். இது கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வதுதான். இவை எப்படி வலியை அடக்குகின்றன என்பதை ஜான் வேன் 1971இல் விளக்கி, அதற்காக 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்: திசுக்களில் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை இவை தடுக்கின்றன. அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது என்பதால், வலியோடு சேர்ந்து அந்தக் காப்பும் போய்விடுகிறது. மது அதே சுவரைத் தன் பங்குக்கு அரிக்கிறது. இரண்டும் ஒரே நாளில் சேரும்போது இரத்தக் கசிவுக்கான வாய்ப்பு மிகுகிறது. கேஸ் மாத்திரை இந்த இடத்தில் ஓரளவு உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. அமிலச் சுரப்பைக் குறைத்து இரைப்பையையும் முன்சிறுகுடலையும் அது காக்கும். அதற்குக் கீழே உள்ள குடலை அது காக்காது, சிறுநீரகத்தைக் காக்காது, இதயத்தையும் காக்காது. மாத்திரையின் சூட்டை மோர் தணிக்கும் என்ற நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மோர் நல்லது, நிகழ்வது சூடன்று.

கிரிவலத்தோடு நேரே தொடர்புடையது சிறுநீரகம் பற்றிய செய்தி. பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர்; நடப்போரில் பெரும்பாலானோர் வெறுங்காலில் நடக்கிறார்கள்; சித்திரைப் பௌர்ணமியில் தார்ச்சாலை பகல் முழுதும் வாங்கிய வெயிலை இரவிலும் விடுவதில்லை. வழியில் ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும் என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, முழங்கால் ஒத்துழைக்க வேண்டுமென்று முன்கூட்டியே ஒரு வலி மாத்திரையையும் போட்டுக்கொண்டு புறப்படும் அறுபது வயதுக்காரர், காலையில் இரத்த அழுத்த மாத்திரையையும் தவறாமல் போட்டிருப்பார். அந்த ஒற்றை மாத்திரைக்குள் டெல்மிசார்டன், ஹைட்ரோகுளோரோதயசைடு என இரண்டு மருந்துகள் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சிறுநீரகத்தின் வடிகட்டிக்கு இரத்தம் வந்து சேரும் சிறு நாளம் ஒன்று, வெளியேறும் நாளம் ஒன்று. ஏரிக்கு நீர்வரத்தும் மதகும் போல, இவ்விரண்டின் சமநிலையில்தான் உள்ளே அழுத்தம் நிற்கிறது. வலி மாத்திரை வரத்து நாளத்தைச் சுருக்குகிறது. டெல்மிசார்டனோ, அதுபோன்ற இரத்த அழுத்த மருந்தான எனாலாப்ரிலோ வெளியேறும் நாளத்தைத் தளர்த்துகிறது. சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் வியர்வையும் மொத்த நீரையே குறைக்கின்றன. தனித்தனியே தாங்கக்கூடிய மூன்றும் ஒரே இரவில் கூடும்போது வடிகட்டல் திடீரென விழுந்துவிடக்கூடும். பிரிட்டனில் ஏறக்குறைய ஐந்து லட்சம் இரத்த அழுத்த நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இந்த மூன்று வகை மருந்துகளையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 விழுக்காடு கூடுதலாக இருந்ததையும், சேர்த்துத் தொடங்கிய முதல் 30 நாட்களில் அது 82 விழுக்காடு கூடுதலாக இருந்ததையும் கண்டது. அந்த நோயாளிகள் யாரும் சித்திரை வெயிலில் மலையைச் சுற்றியவர்கள் அல்லர்.

இதய நோய்க்காக 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு ஐபுப்ரோஃபென் வேறொரு வகையில் இடையூறு. ஆஸ்பிரின் சென்று அமர வேண்டிய இடத்தில் ஐபுப்ரோஃபென் முன்கூட்டியே அமர்ந்துகொள்வதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் அதன் வேலை நடக்காமல் போகலாம். அதனால்தான் இரண்டும் தேவைப்படுவோர் ஆஸ்பிரின் போட்டு அரை மணி நேரமாவது கழித்தோ, ஆஸ்பிரினுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் முன்போ ஐபுப்ரோஃபென் போட வேண்டுமென்று 2006இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்தியது. இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுவோர் இவ்வகை வலி மாத்திரைகளைத் தாமாகத் தொடவே கூடாது. மழைக்காலக் காய்ச்சலுக்குச் செட்டு மாத்திரை வாங்குவதும் இதே காரணத்தால் தவறு: டெங்குவில் தட்டணுக்கள் குறைந்து இரத்தக் கசிவை எதிர்நோக்கும் உடம்பில் டைக்ளோஃபெனாக்கும் ஆஸ்பிரினும் எரியும் தீயில் எண்ணெய் ஊற்றுபவை, அங்கே பாராசிட்டமால் ஒன்றே போதும்.

"இத்தனை ஆண்டு போட்டும் ஒன்றும் ஆகவில்லை" என்ற வாதம் அனுபவத்தின் பெயரால் வருவதால் மதிக்கத் தக்கதுபோல் தோன்றும். ஆனால் இந்தப் பாதிப்புகள் அனுபவத்துக்கு எட்டும்படி நிகழ்வதில்லை. பாராசிட்டமால் மிகுந்தவருக்கு முதல் நாள் குமட்டலும் சோர்வும் தவிரப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மூன்றாம், நான்காம் நாளில் ஈரல் கெட்டு நிற்கும்போது, எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்திருந்தால் ஏறக்குறைய முழுமையாகக் காத்திருக்கக்கூடிய அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்துக்குரிய நல்வேளை கடந்திருக்கும். சிறுநீரகமோ பாதிக்கு மேல் செயலிழக்கும் வரை வாய் திறக்காது. கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு இந்தியாவே ஒரு சான்றைக் கண்டிருக்கிறது: மாடுகளுக்கு வலி தணிக்கக் கொடுத்த டைக்ளோஃபெனாக், இறந்த மாட்டின் இறைச்சி வழியே கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, வெண்முதுகுப் பாறுக் கழுகின் எண்ணிக்கையை நூற்றில் ஒன்றுக்கும் கீழே கொண்டுபோனது, காரணம் 2004இல் உறுதியாகும் வரை அது ஒரு தொற்றுநோய் என்றே ஐயுறப்பட்டது. கால்நடைகளுக்கு அம்மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. பறவையின் உடம்பு மனித உடம்பன்று. ஆகவே இதை மனிதருக்கான அளவுகோலாக நீட்டுவது முறையாகாது. நீண்ட நாள் ஒன்றும் தெரியவில்லை என்பது ஒன்றும் நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது என்பதற்கு மட்டும் அது போதும்.

மற்றச் சேர்க்கைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். சளி மாத்திரையில் உள்ள ஒவ்வாமைத் தடுப்பு மருந்து மதுவோடு சேர்ந்தால் தூக்கக் கலக்கம் இரட்டிப்பாகும். அந்தக் கலக்கத்தோடு இருசக்கர வாகனம் ஓட்டுபவர் தமக்கு மட்டும் தீங்கு தேடுவதில்லை. டிரமடால் கடும் வலிக்கான ஓபியாய்டு மருந்து. 2018 முதல் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் உள்ள அது, மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கக்கூடும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவிட்டு உணவின்றிக் குடிப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவு இறங்கிவிடும். அந்தத் தள்ளாட்டத்தைப் போதை என்று எண்ணிப் படுக்க வைத்துவிடுவதும் நடக்கிறது. கள்ளச்சாராயத்தைக் குடித்து மறுநாள் தலைவலியும் வாந்தியும் கண்டவருக்குப் பார்வையும் மங்கினால், அது மெத்தனால் நச்சு. 2024 ஜூனில் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது அதுதான். அந்தத் தலைவலிக்கு மாத்திரை தேடிப் போகும் நேரம், மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்.

ஒரே ஒரு எதிர்வாதம் மதிப்புடன் கேட்கப்பட வேண்டியது: நாள் கூலிக்குப் போகும் மனிதர் ஒவ்வொரு தலைவலிக்கும் மருத்துவரிடம் போய் அரை நாள் கூலியை இழக்க முடியுமா என்பது. முடியாது, போக வேண்டியதும் இல்லை. சீட்டில்லாமல் கிடைப்பது அவருக்குத் தேவையான வசதி, அதை ஒழிப்பதால் நன்மை இல்லை. பிரிட்டன் 1998இல் விற்பனையைத் தடுக்காமல், சாதாரணக் கடையில் 16 மாத்திரை, மருந்துக் கடையில் 32 மாத்திரை என்று பொட்டலத்தின் அளவை மட்டும் குறைத்தது; அடுத்த பதினோரு ஆண்டுகளில் பாராசிட்டமாலால் நிகழ்ந்த இறப்புகள் முன்பு எதிர்பார்த்ததைவிட 43 விழுக்காடு குறைந்தன. இங்கே கேட்கத் தக்கவை அதைவிடவும் சிறியவை. மருந்து விற்பனை பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. கத்தரிக்காத அட்டையைக் கொடுப்பதற்கும், குடி உண்டா, பிரஷர் மாத்திரை உண்டா என்று கேட்பதற்கும் அரை நிமிடம் போதும். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார். இவற்றைத் தவிரக் கடையில் வாங்கி வைத்திருக்கும் மாத்திரைகளையும் எடுத்து வந்து காட்டச் சொல்வதற்கு அவருக்குப் புதிய சட்டமோ தனி நிதியோ தேவைப்படாது.